எட்டுக்கு ஐந்து

கப்பலின் வரைபடம் மேசைக்கு அடங்கவில்லை.
ஒரு மூலையில் தேயிலை சுவைக்கும் வெள்ளைக் கிண்ணம்,
ஒரு மூலையில் அவருடைய மாத்திரை டப்பா,
மற்ற இரண்டும் சுருண்டுகொண்டே இருந்தன.

கொச்சியில் ஏறினால் நாற்பத்தொரு இரவு.
உள்ளறைக்கு ஜன்னலே கிடையாது.
விளக்கை அணைத்தால் மத்தியானமும் நடுநிசி.
பால்கனி வேண்டுமென்றால்
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கூடுதல்.

போஜன் எதையும் பச்சை இலையில்தான் கணக்குப் போடுவார்.
"கிலோ இருபது என்று வைத்தாலும்
ஏழாயிரம் கிலோ.
ஒரு கதவுக்கும் ரெண்டு நாற்காலிக்கும்!
மேல்தளத்துக்குப் போனால்
கடல் சும்மாவே கிடைக்கிறது."

சும்மா கிடைப்பதைப் பற்றி
கோத்தகிரியில் என்னிடம் பேசக் கூடாது.
எதிர்வீட்டு எலிசாவுக்கு
ரங்கசாமி மலை சும்மா கிடைக்கிறது,
காலைக் காப்பியோடு.
சரிவை வெட்டிக் கட்டிய எங்கள் வீட்டில்
அடுப்படி ஜன்னலைத் திறந்தால்
கை நீட்டும் தூரத்தில் கருங்கல் தடுப்புச் சுவர்.
முப்பத்தொரு வருஷமாக அதைப் பார்க்கிறேன்.
எந்த இடுக்கில் பெரணி முளைக்கும்,
எதில் ஐப்பசி முழுக்கக் கசியும்,
எந்தக் கல் அடுத்த மழைக்குப் பிதுங்கும்,
சொல்லிவிடுவேன்.
குறை சொல்லக் கூடாது, நல்ல சுவர்.
ஆனால் எங்கும் போகாது.

கோயம்புத்தூரிலிருந்து ஷெரின் போனில்:
"நடுக்கப்பல்தான் ஆன்ட்டி ஆட்டம் குறைவு.
பதினொன்றாம் தளம் வேண்டாம்,
தலைக்கு மேலே நீச்சல்குளம்,
விடிவதற்குள் நாற்காலி இழுப்பார்கள்.
ஆறில் ஒன்று மலிவாக இருக்கிறது.
பால்கனி உண்டு,
எதிரே உயிர்காக்கும் படகு தொங்கும்.
கொஞ்சம் மறைக்கும்."
கொஞ்சம் என்றால்?
"கடலும் கொஞ்சம் தெரியும் ஆன்ட்டி."
போஜன் முகத்தில் வெளிச்சம் வந்தது.
நான் எழுந்து போய்
அடுப்படி ஜன்னலைச் சாத்தினேன்.

இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒரு வாரம்.
"மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள்
மூணு எலுமிச்சம்பழம் முகர்கிறவள் நீ."
அது பஸ், என்றேன்.
பஸ்ஸில் முன்சீட்டுக்காரன் கழுத்துதான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம்
துணி காயப்போடும் சிமென்ட் தரையில்
டேப் வைத்து அளந்து
சாக்பீஸால் கட்டம் போட்டேன். எட்டுக்கு ஐந்து.
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
குரங்குத் தொப்பியோடு வந்து உட்கார்ந்தார்.
"உங்க கால் கடலில் இருக்கு" என்றேன்.
சட்டென்று இழுத்துக்கொண்டார்.

பிறகு மூடுபனி ஏறியது.
முதலில் எலிசா வீட்டு ஓடு போயிற்று,
அப்புறம் கொடிக்கயிறு,
அப்புறம் எங்கள் பீன்ஸ் பந்தல்.
"இதுக்கா ஏழாயிரம் கிலோ?"
கேட்டாரே தவிர எழுந்திருக்கவில்லை.
இரவு எட்டரைக்கு
தோசை ஆறிப்போய்விட்டது என்று
நான்தான் கிளப்பினேன்.

விடிகாலை என்னவோ முறிகிற சத்தம்.
கதவைத் திறக்காதே என்றார்.
குளியலறை வெண்டிலேட்டரில்
ஒரு முகத்துக்குத்தான் இடம்.
வாளியைக் கவிழ்த்து ஏறினேன்.
காட்டுமாடு.
முன்னங்கால் இரண்டும் பால்கனிக்குள்,
எட்டுக்கு ஐந்து போதாமல்
மிச்ச உடம்பெல்லாம் கடலில்.
ஒரு நாற்காலி மல்லாந்து கிடக்க
வாயோரம் என் பீன்ஸ் கொடி தொங்கியது.
மூக்கிலிருந்து புகை.
அதற்கு அவசரம் எதுவும் இல்லை.

இறங்கி அவருக்கு வழி விட்டேன்.
வாளி கிறீச்சிட்டது.
ரொம்ப நேரம் பேச்சே இல்லை.
பிறகு, திரும்பிப் பார்க்காமல்,
"எட்டாம் தளத்தில் நடுவில் காலியா என்று
அந்தப் பெண்ணிடம் கேள்" என்றார்.

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
அவர் எப்போது இறங்குவார் என்று
ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தேன்.
அடுத்து என் முறை.